மாட்டுத் தசைநாணும் சுறாக் குருத்தெலும்பும்

கேள்வி: பெரிய தீக்காயங்களுக்குச் 'செயற்கைத் தோல்' வைக்கிறார்களாமே, அது பிளாஸ்டிக்கா? முதலில் செய்தது யார்?

பதில்: மேலே தெரிகிற மெல்லிய படலம் சிலிக்கோன்தான். ஆனால் அது வெறும் மூடி. சுமார் மூன்று வாரத்தில் உரித்து எறிந்துவிடுவார்கள். சரக்கு அதற்கு அடியில் இருக்கிறது: மாட்டின் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜனும், சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு சர்க்கரைப் பொருளும் கலந்த, பஞ்சு போன்ற தகடு.

செய்தவர்கள் இருவர். ஜான் பர்க், பாஸ்டனில் தீக்காய அறுவை மருத்துவர். அயோனிஸ் யானாஸ், பக்கத்திலேயே எம்.ஐ.டி.யில் பாலிமர் ஆராய்ச்சி செய்த கிரேக்கர். தோல் வெந்துபோனால் உடலின் நீர் வடியும், கிருமி உள்ளே நுழையும். அதைத் தடுக்க நல்லதொரு மூடி வேண்டும், புண் சீக்கிரம் ஆற வேண்டும். 1970களில் அவர்கள் தேடியது அவ்வளவுதான்.

கினிப்பன்றிகளின் புண்மேல் பலவகைத் தகடுகளை வைத்துப் பார்த்தார்கள். ஒரு கலவை மட்டும் புண் மூடுவதைத் தாமதப்படுத்தியது. தோல்வி என்று ஒதுக்கியிருக்கலாம். ஆனால் உற்றுப் பார்த்தபோது, அங்கே வழக்கமான தழும்புக்குப் பதிலாக உள்தோலைப் போன்ற திசு வளர்ந்திருந்தது. புண் தன்னைச் சுருக்கி இழுத்து மூடிக்கொள்வதால்தான் தழும்பு இறுகுகிறது. அந்த இழுப்பை இந்தத் தகடு தடுத்துவிட்டது. மருத்துவ வரலாற்றில் இவ்வளவு பயன் தந்த தாமதம் வேறு உண்டா என்று தெரியவில்லை.

சூட்சுமம் இரண்டு. ஒன்று, துளைகளின் அளவு: மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. செல்களும் ரத்தக்குழாய்களும் அதன் வழியே ஊர்ந்து வர வேண்டும். இன்னொன்று, கரையும் வேகம். கட்டடம் எழும்பும்வரை நிற்கும் சாரத்தைப் போலத் தகடு நிற்க வேண்டும், பிறகு போய்விட வேண்டும். வெறும் கொலாஜனை உடலின் நொதிகள் சீக்கிரமே தின்றுவிடும். அதனால் இழைகளை குளூட்டரால்டிஹைடால் பிணைத்தார்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல!

உடலில் 50 முதல் 95 சதவீதம் வெந்த பத்து நோயாளிகளுக்கு இதைப் பயன்படுத்திய விவரத்தை 1981இல் வெளியிட்டார்கள். அமெரிக்க அரசின் அனுமதி வர 1996 ஆனது. 'இன்டெக்ரா' என்ற பெயரில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

கொலாஜன் என்றால் நம் சென்னையை விட்டுவிட முடியாது. அதன் மூலக்கூறு மூன்று இழை முறுக்கு என்று 1954-55இல் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஆய்வுக்கான கொலாஜன் அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்தது.

இத்தனைக்கும் தகடு தருவது உள்தோலை மட்டுமே. சிலிக்கோனை உரித்தபின் நோயாளியின் உடலிலிருந்தே மிக மெல்லிய மேல்தோலைச் சீவி ஒட்ட வேண்டும். எடுக்கவும் தோல் மிச்சமில்லாதவர்களுக்கு, செல்களை ஆய்வகத்தில் வளர்த்துத் தாளாக்கித் தரலாம். அதற்கு வழி கண்டவர்கள் 1975இல் ஜேம்ஸ் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும். வியர்வைச் சுரப்பியும் மயிர்க்காலும் மட்டும் இந்தப் புதுத் தோலில் முளைப்பதில்லை. உடலில் பெரும்பகுதி இப்படி மூடப்பட்டவர்கள் வெயில் காலத்தில் படும் பாட்டுக்கு அதுதான் காரணம்.