கிணற்றில் நாலில் ஒரு பங்கு

கேள்வி: அந்தக் காலத்தில் சேலம், நாமக்கல் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் சொத்து எப்படிக் கைமாறியது?

பதில்: மகன்கள் எல்லோருக்கும் சம பங்கு. காட்டை வரப்புப் போட்டுப் பிரித்துவிடலாம். கிணற்றை எப்படிப் பிரிப்பது? பாகப்பத்திரத்தில் ‘கிணற்றில் நாலில் ஒரு பங்கு’ என்று எழுதி, முறைவைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். வண்டித்தடமும் அப்படித்தான் பொதுவில் நின்றது.

மகளுக்கு நகையும் சீரும் மட்டுமே. பாடுபட்டதில் அவளுக்கும் பங்குண்டு, நிலத்தில் இல்லை என்பது பெரிய அநீதி.

1989-இல் தமிழ்நாடு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை தந்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்பே மணமானவர்கள் விடுபட்டார்கள். 2005 மத்தியச் சட்டத் திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. இருந்தும், பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடக் கூடாதே என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள்.