மேய்ச்சல் தரைகளிற் சீமைக் கருவேலை ஒழிக்கும் முறை

மதுரை ஜில்லாவின் சமவெளிகளில், சிறப்பாகத் திருமங்கலம், கள்ளிக்குடி முதலிய கரிசற் பகுதிகளில், மேய்ச்சல் தரைகள் பலவற்றைச் சீமைக் கருவேல் மூடிக்கொண்டிருப்பதை யாவரும் அறிவர். வேலிக்காத்தான் என்றும் இதனை வழங்குவர். இம்மரம் நெருங்கி வளர்ந்த இடத்திற் புல் முளைப்பது அரிது. கிடை போட்டு மேய்க்கப்பெறும் புலிக்குளம் மாடுகளுக்கும் செம்மறிகளுக்கும் இதனாற் போக்கிடம் சுருங்குகின்றது. கூலி கொடுத்துப் பலமுறை வெட்டியும் இது குறையாமைக்குக் காரணமும், குறைப்பதற்குரிய வழியும் இங்குக் கூறப்படும்.

வந்த வரலாறு

இது அமெரிக்கக் கண்டத்து மரம். 1877-ஆம் ஆண்டில் ஜமைக்காத் தீவிலிருந்து வந்த இதன் விதை, அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கடப்பை ஜில்லாவில் கமலாபுரத்தில் விதைக்கப்பட்டது. பின்னர் விறகுக்கும் வேலிக்குமாகப் பல இடங்களிற் பரப்பப்பட்டது.

இதற்கு முன்னும் ஓர் அயல்நாட்டுச் செடி நம் தரைகளைக் கவர்ந்ததுண்டு. அது சப்பாத்திக் கள்ளி. 1926-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து கொணரப்பெற்ற கொச்சினீல் பூச்சி அதன் சாற்றை உறிஞ்சி, ஐந்தாறு ஆண்டுகளில் தென்னிந்தியாவில் ஏறக்குறைய 40,000 ஹெக்டேர் பரப்பில் அதனை ஒடுக்கிற்று. சீமைக் கருவேலுக்கு அத்தகைய பூச்சி நமக்கு வாய்க்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் 1987-ஆம் ஆண்டு முதல் இதன் விதையைத் துளைக்கும் வண்டுகள் விடப்பட்டன. அவை விதையைக் கெடுக்குமேயன்றி மரத்தைக் கொல்வதில்லை. ஆதலின் கைம்முயற்சியே நமக்கு வழியாகும்.

வெட்டியும் தழைப்பதேன்?

இம்மரத்தின் தூரில், மண்ணுக்குட்பட்ட பகுதியிலும் மொட்டுகள் உறங்கிக் கிடக்கின்றன. தரைக்கு மேல் வெட்டினால் அவை விழித்துப் பல கிளைகளாகப் புறப்படும். ஒரு மரம் நின்ற இடத்தில் ஒரு புதர் தோன்றும். மரத்தை ஏலம் எடுத்தவர் கட்டையை மட்டும் கொண்டு சென்று தூரை விட்டுவிடுவாராயின், ஊருக்குச் சிறு தொகை வரும். தரையோ முன்னினும் கெடும்.

இரண்டாவது காரணம் விதை. இனிப்புள்ள நெற்றை மாடுகள் விரும்பித் தின்னும். கடினமான மேலோட்டையுடைய விதை குடலிற் கெடாது சாணத்தோடு வெளிவந்து, எருவின் நடுவிலேயே முளைக்கும். மண்ணிற் கிடக்கும் விதை பல ஆண்டுகள் உயிரோடிருப்பதும் உண்டு.

செய்யவேண்டுவன

முதலாவது, மரத்தை அறிந்து வெட்டுதல் வேண்டும். நாட்டுக் கருவேலின் பூ மஞ்சள் நிறமாய்ப் பந்துபோல் இருக்கும். அதன் நெற்று மணி கோத்தாற்போல் இடையிடையே ஒடுங்கியிருக்கும். சீமைக் கருவேலின் பூ நீண்ட கதிராகவும், நெற்று மஞ்சளாய்ப் பெரிதும் ஒடுங்காமலும் இருக்கும். நாட்டுக் கருவேல், வெள்வேல், குடைவேல் ஆகியவற்றை நிழலுக்கும் ஆட்டுத் தீவனத்துக்குமாக விட்டு வைத்தல் நன்று.

இரண்டாவது, மரம் அடர்ந்த இடத்தில் தொடங்காமல், நாற்றுகள் அங்கங்கே முளைத்துவரும் ஓரத்திலிருந்து தொடங்குக. மழை ஈரத்தில் இளஞ்செடிகளைக் கையாலோ களைக்கொத்தாலோ வேரோடு எடுப்பது எளிது. இன்று ஒரு சிறுவன் பிடுங்கும் செடிக்குச் சில ஆண்டுகள் கழித்துக் கோடாரியும் கடப்பாரையும் வேண்டியிருக்கும்.

மூன்றாவது, முதிர்ந்த மரத்தை மார்கழி, தை மாதங்களில், மண்ணில் ஈரம் உள்ளபோதே, தூரோடு பெயர்த்தல் வேண்டும். கோடையில் நெற்று முதிர்ந்து உதிர்வதற்குமுன் வேலை முடிவது நலம். முழு வேரையும் தேடி எடுக்க வேண்டுவதில்லை. தூரைச் சுற்றித் தோண்டி, தரைமட்டத்துக்குக் கீழ் ஓர் அடி ஆழத்தில் வெட்டி நீக்கினாற் போதும். ஓடைக் கரைகளிலும் கண்மாய்க் கரைகளிலும் மட்டும் ஒருங்கே தோண்டலாகாது, கரை இளகும்.

நான்காவது, நெற்றுத் தின்ற மாடுகளைத் திருத்திய தரைக்குள் விடுமுன் ஒரு வாரம் வேறிடத்தில் கட்டி வைத்தல் வேண்டும். நெற்றைத் தீவனமாக்க விரும்புவோர் விதை நொறுங்கும்படி அரைத்து, வேறு தீவனத்தோடு சிறிதளவே கலந்து கொடுக்கலாம். நெற்றையே இடைவிடாது தின்னும் மாடுகளுக்குத் தாடையும் நாவும் கெடுவதுண்டு.

புல் விதைத்தல்

இதனைச் செய்யாதவரின் முன்செலவு முழுதும் வீணாகும். வெறுந்தரையில் வெயில் படப்பட மண்ணிற் கிடந்த விதைகளே முந்தி எழும். மதுரைப் பகுதியின் ஆண்டு மழை சுமார் 850 மில்லிமீட்டர். அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் விழுகின்றது. ஆகவே புரட்டாசியில் மேலாக உழுது, முதல் மழையிற் கொழுக்கட்டைப் புல்லையும் முயல் மசாலையும் கலந்து விதைக்கலாம். தனித்து விதைப்பின் ஏக்கருக்குக் கொழுக்கட்டைப் புல் விதை சுமார் 3 கிலோவும், முயல் மசால் சுமார் 4 கிலோவும் வேண்டும். கலந்து விதைப்பின் ஒவ்வொன்றிலும் பாதி போதும். கொழுக்கட்டைப் புல் விதையை அறுத்தவுடன் விதைத்தால் முளைப்புக் குறையும். 6 முதல் 8 மாதம் வைத்து விதைத்தல் வேண்டும். முயல் மசால் விதையை 80 பாகை சென்டிகிரேட் சூடுள்ள வெந்நீரில் 4 நிமிடம் வைத்து, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து விதைத்தால் நன்கு முளைக்கும்.

முதல் ஆண்டிற் கால்நடைகளை உள்ளே விடாது, புல் விதை உதிர்ந்தபின் அறுத்துப் போடுக. காங்கேயம், தாராபுரம் பகுதிகளிற் கொறங்காட்டைச் சுற்றி வளர்ப்பதுபோற் கிளுவை வேலி இடுதல் காவலுக்கு உதவும்.

கிராம அதிகாரிகள் கடமை

2017-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரத்தை அகற்றுமாறு உத்தரவிட்டதும், அவ்வாண்டிலேயே அப்பணி சில காலம் நிறுத்தி வைக்கப்பட்டதும் பலர் அறிந்தவை. 2022-ஆம் ஆண்டில் அயல் தாவரங்களை அகற்றி நிலத்தைச் சீராக்குதல் பற்றிய கொள்கையைத் தமிழ்நாட்டு அரசு வெளியிட்டது. அகற்றுதலோடு சீராக்குதலும் சேர்ந்தே கூறப்பட்டிருத்தல் கவனிக்கத்தக்கது.

ஆதலின் மேய்ச்சற் புறம்போக்கில் மரத்தை ஏலம் விடும்போது, தூரைப் பெயர்த்துக் குழியை மூடுதல் ஏல நிபந்தனையாதல் வேண்டும். ஏலத்தொகையில் ஒரு பகுதி புல் விதைக்கென ஒதுக்கப்படல் வேண்டும். கரிமூட்டம் போட்டும் விறகு விற்றும் பிழைக்கும் ஏழைக் குடும்பங்கள் பல உள்ளன. முழுத் தரையையும் ஒரே ஆண்டில் அழிக்காமல், புல் விதைத்துக் காக்கக்கூடிய அளவையே ஆண்டுதோறும் எடுத்துக்கொண்டு, தூர் பெயர்க்கும் வேலையை அவர்களுக்கே தருவது நீதியும் சிக்கனமுமாம்.

நூறு ஏக்கரை வெட்டிக் கைவிடுவதினும் பத்து ஏக்கரைத் திருத்தி, மூன்று மழைக்காலம் நாற்றுகளைப் பிடுங்கிக் காப்பதே மேலாகும். குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் ஒன்றுகூடி இவ்வழியில் முயலுவாராக.