அளவுக்கு மிஞ்சிய அமுக்கம்: மாற்றியமைக்கப்பட்ட தெளிப்பு எஞ்சினைச் சோதிக்கும் முறை

மாமரம் பூக்கும் தை, மாசி மாதங்களில் தத்துப்பூச்சிக்கு மருந்தடிப்பதற்கு முதுகில் சுமக்கும் பெட்ரோல் தெளிப்பான்கள் பெரிதும் உபயோகிக்கப்பட்டு வருகின்றன. இவற்றிலுள்ள சிறிய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் பழையதாகி விசை குன்றினால், சிலிண்டரின் அடியிலுள்ள காஸ்கெட்டை எடுத்துவிட்டோ, மெல்லிய காஸ்கெட்டை மாற்றிப் போட்டோ கம்ப்ரஷனைக் கூட்டித் தரும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. முதற் சில நாட்கள் எஞ்சின் சுறுசுறுப்பாக ஓடுவது வாஸ்தவமே. பின்னர் கயிற்றை இழுக்கையில் அது கையைத் திருப்பி வெட்டி இழுக்கும். சுமை ஏறியவுடன் உள்ளே தட்டும் ஓசை கேட்கும். பிளக்கின் முனை வெளுத்துவிடும். இக்குறிகளைப் பொருட்படுத்தாது ஓட்டினால் பிஸ்டனின் தலை உருகித் துளைபடுவதும் உண்டு. பூங்கொத்துகள் கருகிக்கொண்டிருக்கும் வாரத்தில் தெளிப்பான் பட்டறையில் கிடப்பதால் நேரும் நஷ்டம், பிஸ்டனின் விலையைவிடப் பன்மடங்காகும்.

ஆயினும் அமுக்கமானியின் முள் உயர்ந்து நின்ற மாத்திரத்தில் எஞ்சினைப் பிரித்துவிடலாகாது. முதலில் மானியையே சந்தேகிக்க வேண்டும். 35 கன சென்டிமீட்டர் எஞ்சினில், பிஸ்டன் உச்சிக்கு வந்தபோது எஞ்சும் இடம் நான்கு கன சென்டிமீட்டருக்கும் குறைவாக இருக்கக்கூடும். நீண்ட ரப்பர்க் குழாயுள்ள மானியில், தடுப்பு வால்வு மானியின் பக்கம் இருந்தால், குழாயின் உட்புறமும் அவ்விடத்தோடு சேர்ந்துகொள்வதால் முள் தாழ்ந்தே காட்டும். வால்வு பிளக் துவாரத்தின் அருகிலேயே உள்ள மானி சரியான அளவைக் காட்டும். சென்ற வருஷம் ஒரு மானியிலும் இவ்வருஷம் வேறொரு மானியிலும் பார்த்துவிட்டு அமுக்கம் ஏறிவிட்டதென முடிவு செய்வோர் பலர். சோதனையின்போது பிளக் கம்பியை எஞ்சின் உடலோடு சேர்த்து நெருப்புப் பொறியை நிறுத்தி, திராட்டிலை முழுவதும் திறந்து, முள் மேற்கொண்டு ஏறாமல் நிற்கும்வரை கயிற்றை இழுக்க வேண்டும். சதுர அங்குலத்துக்கு 100 முதல் 150 ராத்தல் வரை காட்டுவது இத்தகைய எஞ்சின்களில் சாதாரணம். தயாரிப்பாளரின் புஸ்தகத்தில் வேறு அளவு கண்டிருப்பின் அதுவே பிரமாணம்.

இரண்டாவதாக, உள்ளே எண்ணெயோ பெட்ரோலோ தேங்கியிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். தெளிப்பானைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்திருந்தால் இவ்வாறு நேர்வதுண்டு. திரவம் அமுங்காதாகையால் மிச்ச இடம் சுருங்கி, முள் பொய்யாக உயரும். பிளக்கைக் கழற்றித் துவாரம் கீழ்நோக்குமாறு பிடித்துச் சிலமுறை இழுத்தால் திரவம் வெளியேறிவிடும். அச்சமயம் அருகில் பீடி, விளக்கு முதலியன கூடா. மறு சோதனையில் முள் தாழ்ந்தால் குற்றம் அதுவே.

கரி படிவது மூன்றாவது காரணம். பெட்ரோலில் எண்ணெயை மிகுதியாகக் கலப்போரின் எஞ்சினில் பிஸ்டன் தலையிலும் சிலிண்டர் உச்சியிலும் கரி தடித்து மிச்ச இடத்தைக் குறைக்கும். ஆனால் கரியால் ஏறும் அமுக்கம் மாதக்கணக்கில் மெதுவாகவே ஏறும். ரிப்பேர் முடிந்த மறுநாளே ஏறியிருந்தால் கரியைக் குறை கூறுவதற்கில்லை. புகைக்குழலைக் கழற்றித் துவாரத்தின் வழியே நோக்கினால் கரியின் கனம் தெரிந்துவிடும்.

இவையெல்லாம் இல்லையெனத் தெரிந்த பின்னரே பட்டறையில் செய்த மாற்றத்தை ஆராய வேண்டும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை வெளியேறும் துவாரத்தைப் பிஸ்டன் மூடிய பிறகே காற்று அகப்படுகிறது என்பது இங்கு முக்கியம். 36 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில், துவாரம் மூடியபின் பிஸ்டன் 22 மில்லிமீட்டர் மேலே செல்கிறதென்றும், உச்சியில் எஞ்சும் இடம் 3.7 கன சென்டிமீட்டர் என்றும் கொள்க. அமுக்க விகிதம் ஏறக்குறைய 7 ஆகும். அரை மில்லிமீட்டர் காஸ்கெட்டை எடுத்துவிட்டால் சிலிண்டர் முழுவதும் கீழே இறங்குவதால், மிச்ச இடம் 3.2 ஆகக் குறைவதோடு துவாரமும் முன்னதாகவே மூடிக்கொள்ளும். விகிதம் 8-ஐத் தாண்டும். 140 ராத்தல் காட்டிவந்த மானி 170-க்கு மேல் காட்டுவதன் காரணம் இதுவே. காகிதத்தின் கனமே உள்ள ஒரு தகடு இவ்வளவு செய்யுமா என வியப்போர் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

நேரில் அறிய எளிய வழி ஒன்றுண்டு. பற்றவைக்க உபயோகிக்கும் ஈயக்கம்பியை, சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ளதாக எடுத்து, பிளக் துவாரத்தின் வழியே பிஸ்டன் பின் செல்லும் திசையில் சிலிண்டர்ச் சுவரைத் தொடும்படி நுழைத்து, எஞ்சினைக் கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். நசுங்கிய நுனியை மைக்ரோமீட்டரால் அளந்தால் பிஸ்டனுக்கும் உச்சிக்குமுள்ள இடைவெளி தெரியும். அது அரை மில்லிமீட்டருக்கும் குறைந்தால், வேகத்தில் பிஸ்டன் உச்சியில் முட்டும் அபாயமுண்டு. இடைவெளி சரியாக இருந்தும் முள் உயர்ந்தே நின்றால், தலை மேடான வேறு மாதிரிப் பிஸ்டன் போடப்பட்டிருக்கலாம். அப்பொழுது பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, அளவு குறித்த ஊசிக்குழலால் மெல்லிய எண்ணெயை விட்டு மிச்ச இடத்தை அளப்பதே வழி.

மலைப்பிரதேசத்திலிருந்து வாங்கிவரும் பழைய எஞ்சின்களில் விசேஷ ஜாக்கிரதை தேவை. கடல் மட்டத்துக்குமேல் சுமார் 7,350 அடி உயரமுள்ள உதகமண்டலத்தில் காற்றின் அழுத்தம் சமவெளியில் உள்ளதில் ஏறக்குறைய முக்காற் பங்கே. அங்கு தட்டாமல் ஓடிய மாற்று எஞ்சின் கீழே வந்ததும் தட்டக்கூடும்.

காஸ்கெட்டே காரணமெனில், முந்திய கனமுள்ளதையே போட்டு, நட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கவேண்டும். அதற்குள் மருந்தடித்தே தீரவேண்டியிருந்தால், பெட்ரோலில் மண்ணெண்ணெய் ஒரு துளியும் கலக்கலாகாது. அது தட்டுதலை மிகுவிக்கும். கூட்டுறவுச் சங்கங்களின் பொதுத் தெளிப்பான்களுக்கு, புதிதாக வந்த அன்றே அமுக்கத்தை அளந்து, மானியின் மாதிரி, இழுத்த முறைகள், காஸ்கெட்டின் கனம் ஆகியவற்றைக் கிராம அதிகாரிகள் இருப்புப் புஸ்தகத்தில் எழுதி வைத்தால், பின்னர் ரிப்பேர் செய்தவருடன் வாதாட வேண்டியிராது.