மார்கழியில் மனசுக்கும் கொஞ்சம் வெளிச்சம்!

"டாக்டர், அம்மா சரியா சாப்பிடறதில்லை. யார்கிட்டயும் பேசறதும் இல்லை. ராத்திரி தூக்கம் கிடையாது, பகல் முழுக்கப் படுக்கை. என்னன்னு கொஞ்சம் பாருங்க."

மார்கழி பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். மகனின் கையைப் பிடித்தபடி வந்த அந்த அம்மாளுக்கு வயது 68. தலையில் மஃப்ளர், காலில் சாக்ஸ். நாடி பார்த்தேன். நாக்கு, கண் பார்த்தேன். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை மூன்றுக்கும் பரிசோதனை எழுதிக் கொடுத்தேன். வயதானவர்கள் சோர்ந்து போனால் முதலில் இவற்றைப் பார்த்துவிட வேண்டும். 'எல்லாம் மனசுதான்' என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது.

முடிவுகள் வந்தன. பெரிதாக ஒரு குறையும் இல்லை. அவரிடமே கேட்டேன்.

"போன மார்கழி எப்படி இருந்தீங்கம்மா?"

சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். "போன வருஷம் ஊர்ல இருந்தேன் டாக்டர். விடியக்காலைல வாசல் தெளிச்சுக் கோலம் போட்டா, தெருவே நின்னு பார்த்துட்டுப் போகும். இப்ப புள்ள வீடு, மூணாவது மாடி. வாசலே இல்லாத வீட்ல எங்க கோலம் போடறது?"

மகன் குறுக்கிட்டார். "அம்மாவுக்குப் பனி ஒத்துக்காது டாக்டர். அதனால நான்தான் ஜன்னலைக்கூடத் திறக்க விடறதில்லை."

பாதி நோய் எனக்குப் புரிந்துவிட்டது. மகன் செய்தது அன்பினால்தான். ஆனால் அந்த அன்பு பனியோடு சேர்த்து வெளிச்சத்தையும் வெளியே நிறுத்திவிட்டது!

பகல் சுருங்கும் மாதம்

சித்த மருத்துவம் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரிக்கிறது. அதில் மார்கழியும் தையும் முன்பனிக் காலம். டிசம்பர் 21, 22 தேதிகளில்தான் நமக்கு ஆண்டிலேயே மிகக் குறுகிய பகல். சென்னையில் அன்று பகல் சுமார் 11 மணி 20 நிமிடம். ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் ஏறக்குறைய 6 மணி நேரம்தான்!

குளிர்காலம் வந்தாலே சிலருக்கு மனச்சோர்வு வருவதை, 1984-ம் ஆண்டு நார்மன் ரோசந்தால் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் தனி நோயாக விவரித்தார்கள். அதற்குத் தரப்படும் சிகிச்சைகளில் ஒன்று வெளிச்சம்! தினமும் காலையில் 10,000 லக்ஸ் அளவு பிரகாசமுள்ள விளக்கின் முன்னால் அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள்.

நம் ஊரில் அத்தனை இருட்டு இல்லையே என்பீர்கள். உண்மைதான். ஆனால் நாமே இருட்டை உண்டாக்கிக் கொள்கிறோமே! ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்ட அறையில் டியூப்லைட் போட்டாலும் சில நூறு லக்ஸ் தேறினால் அதிகம். மேகமூட்டமான நாளில்கூட மொட்டை மாடியில் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும்.

காலை வெளிச்சம் கண் வழியாக மூளைக்குப் போய், உடம்பின் கடிகாரத்தைச் சரிசெய்கிறது. காலையில் அது கிடைத்தால்தான், இரவில் தூக்கத்துக்கான மெலடோனின் சரியான நேரத்தில் சுரக்கும். அரையாண்டு விடுமுறையில் நள்ளிரவு வரை செல்போன் பார்த்துவிட்டு 9 மணிக்கு எழும் பிள்ளைகள் நாள் முழுக்க எரிந்து விழுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டு தவறான நம்பிக்கைகள்

'மார்கழி விடியற்காலையில் ஓசோன் வாயு பூமிக்கு இறங்கி வருகிறது, அதைச் சுவாசித்தால் நல்லது' என்று பலரும் சொல்கிறார்கள். இது சரியல்ல. நம்மைக் காக்கும் ஓசோன் வானத்தின் மேலடுக்கில் இருக்கிறது. தரைமட்டத்தில் இருக்கும் ஓசோனைச் சுவாசித்தால் நுரையீரலுக்குக் கெடுதல்தான். தவிர, குளிர்ந்த அதிகாலையில் புகையும் தூசியும் மேலே போகாமல் தாழ்வாகவே தங்கும். எனவே ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் முதியவர்களும் நாலரை மணிக்கே வெளியே போக வேண்டாம். சூரியன் நன்றாக மேலே வந்தபின் போனால் போதும்.

அடுத்தது, 'காலை 7 மணி வெயிலில் நின்றால் வைட்டமின் டி கிடைக்கும்' என்பது. சாய்ந்து விழும் அந்த இளவெயிலில் அது மிகக் குறைவாகத்தான் உண்டாகும். காலை வெளிச்சம் தூக்கத்துக்கும் மனசுக்கும். வைட்டமின் டி வேண்டுமானால், காலை 11 மணிக்கு மேல் கை கால்களில் வெயில் படும்படி சிறிது நேரம் நிற்க வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் அதற்குப் பயன்படாது.

பனிக்கு ஏற்ற உணவு

முன்பனிக் காலத்தில் பசித்தீ நன்றாக இருக்கும். அதனால்தான் மிளகு, சீரகம், இஞ்சி, நெய் சேர்த்த வெண்பொங்கல் இந்த மாதத்துக்கு அத்தனை பொருத்தம். சூடாகச் சாப்பிட வேண்டும், வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது. அவ்வளவுதான்.

மாலையில் சுக்குமல்லிக் காபி நல்லது. மல்லி விதை 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு 10 கிராம், ஏலக்காய் 5. லேசாக வறுத்துப் பொடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பொடி போட்டுக் கொதிக்கவிட்டு, கருப்பட்டி சேர்த்து வடிகட்டிக் குடிக்கலாம். சர்க்கரை நோயாளிகள் கருப்பட்டி இல்லாமல்தான் குடிக்க வேண்டும். வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கு இது வேண்டாம்.

எண்ணெய்க் குளியலை இந்த மாதத்தில் நிறுத்திவிடத் தேவையில்லை. நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கித் தேய்த்து, வெயில் வந்தபின் வெந்நீரில் குளிக்கலாம். சளி, காய்ச்சல் இருந்தால் மட்டும் தள்ளிப் போடுங்கள்.

பண்டிகையில் எல்லோருக்கும் ஒரு வேலை

கார்த்திகை தீபத்தில் தொடங்கி மார்கழிக் கோலம், பக்கத்து வீட்டுக் கிறிஸ்துமஸ் நட்சத்திரம், புத்தாண்டு, பொங்கல் என்று பனிக்காலம் முழுக்க நாம் வெளிச்சத்தையும் நிறத்தையும் வாசலில் வைக்கிறோம். இதில் சந்தோஷம் தருவது வேடிக்கை பார்ப்பது அல்ல, பங்கெடுப்பது. "நீங்க சும்மா உட்காருங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்று பெரியவர்களிடம் சொல்கிறோமே, அது மரியாதை போலத் தெரியும். ஆனால் அவர்கள் காதில், 'உங்களால் இனி ஒன்றும் ஆகப் போவதில்லை' என்றுதான் விழும்.

எனவே உட்கார்ந்தபடி செய்யும் வேலையைக் கொடுங்கள். திரி திரிக்கட்டும், பூத் தொடுக்கட்டும், பேரப்பிள்ளைக்குப் பாட்டோ பலகாரமோ சொல்லித் தரட்டும். துணையை இழந்தபின் வரும் முதல் பண்டிகை என்றால், "பழசை ஏன் பேசறீங்க" என்று வாயை அடைக்காதீர்கள். பேசட்டும். இரண்டு சொட்டுக் கண்ணீரும் வரட்டும்.

இவற்றை மறக்காதீர்கள்

போகியன்று டயர், பிளாஸ்டிக் கொளுத்தாதீர்கள். 2018 போகிப் புகையால் சென்னையில் விமானங்களே தடுமாறின. வீசிங் உள்ள குழந்தையின் பாடு என்ன ஆகும்!

சோர்வும் தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பில்லாத நிலையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், கை வைத்தியத்தோடு நிற்காமல் மருத்துவரைப் பாருங்கள். "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416. ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தக் கூடாது.

அந்த அம்மாளுக்கு என்ன எழுதிக் கொடுத்தேன் என்று கேட்கிறீர்களா? பசிக்கு ஒரு சூரணம். பகல் தூக்கம் கூடாது. தினமும் காலை ஏழு மணிக்கு மொட்டை மாடியில் அரை மணி நேரம். நான்காவதாக, "பேத்திக்கு தினம் ஒரு கோலம் சொல்லிக் கொடுக்கணும்."

தை பிறந்து நாலாம் நாள் வந்தார். மஃப்ளர் இல்லை. முழங்கால் வலி இன்னும் இருக்கிறது என்றார். தூக்கம் பரவாயில்லையாம். கூட வந்த பேத்தி செல்போனை நீட்டினாள். மொட்டை மாடித் தரையில் 15 புள்ளிக் கோலம்!

"கோடு கொஞ்சம் கோணல்தான் டாக்டர்," என்றார் அந்த அம்மாள். "அடுத்த மார்கழிக்குள்ள சரி பண்ணிடுவேன்."

அடுத்த மார்கழியைப் பற்றி அவரே பேசுகிறாரே! எனக்கு அது போதும்.