எண்ணிப் பார்த்த பின்பே மருந்து

இடம்பெயர்ந்து வந்து குத்தகைக் காணியில் வேளாண்மை செய்யும் குடும்பத்துக்கு ஒரு போத்தல் கிருமிநாசினியும் கடன்தான். பக்கத்து வயற்காரர் அடித்தார் என்று நாமும் அடித்தால் கடன் கூடும். சில வேளை பூச்சியும் கூடும். எப்படி என்று பார்ப்போம்.

சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வட்டைகளில் அஞ்சப்படும் பூச்சி, அறக்கொட்டி எனப்படும் கபிலத்தத்தி. அது தண்டின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருந்து சாற்றை உறிஞ்சும். மிகுந்தால் பயிர் வட்டம் வட்டமாக எரிந்தது போலாகும். அதன் முட்டைகள் இலைமடலுக்குள் இருப்பதால் மருந்துக்குத் தப்பிவிடும். வெளியே திரியும் சிலந்தியோ செத்துவிடும். ஓநாய்ச் சிலந்தி ஒன்று நாளொன்றுக்கு 5 முதல் 15 தத்திகளைத் தின்னக்கூடியது. அது இல்லாத வயலில் முட்டை பொரித்தால் தத்தி தடையின்றிப் பெருகும்.

ஆகவே வாரம் ஒருமுறை, காலையில், இவ்வாறு செய்வோம்:

1. வரம்போரத்தை விட்டு, வயலின் குறுக்கே நடந்து 10 இடங்களில் நிற்போம்.

2. ஒவ்வோர் இடத்திலும் 10 தண்டுகளின் அடியைக் குனிந்து பார்த்து, தத்தியையும் சிலந்தியையும் தனித்தனியே எண்ணிக் கொப்பியில் எழுதுவோம்.

3. மொத்தம் 100 தண்டுகள். அவற்றில் 60 தத்தி இருந்தால் தண்டொன்றுக்கு 1இலும் குறைவு, மருந்து வேண்டாம். மூன்று நாளில் மீண்டும் எண்ணுவோம்.

4. 100ஐ நெருங்கினால் யூரியா போடுவதை நிறுத்தி, மூன்று நான்கு நாள் தண்ணீரை வடிய விடுவோம். விவசாயப் போதனாசிரியரிடம் கணக்கைக் காட்டுவோம்.

5. தண்டொன்றுக்கு 1ஐத் தாண்டிக் கூடிக்கொண்டே போனால் மட்டும், அவர் சொல்லும் மருந்தைத் தண்டின் அடியில் படும்படி அடிப்போம். பைரித்திரொயிட் வகை வேண்டாம். அது தத்தியைப் பெருகச் செய்யும்.

நாற்று நட்ட வயலில் கொத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தண்டொன்றுக்கு 2 தத்தி வரை பொறுக்கலாம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. விதைப்பு வயலில் நாம் 1ஐயே எல்லையாகக் கொள்வது நல்லது.

இந்தோனேசியா அனுபவத்தால் இதைக் கற்றது. கபிலத்தத்தி பெருகியதால் 1986இல் அங்குள்ள அரசு 57 வகைக் கிருமிநாசினிகளை நெல்லுக்குத் தடை செய்தது. பின்பு விவசாயிகளுக்கு வயலிலேயே பூச்சியை எண்ணப் பழக்கியது.

கலந்துரையாட:

• சென்ற போகத்தில் எத்தனை தடவை மருந்தடித்தோம்? அதற்கு முன் எண்ணிப் பார்த்தோமா?

• அந்தக் கடன் எவ்வளவு? அறுவடையில் எத்தனை மூடை அதற்குப் போயிற்று?

• நமது வட்டையில் அடுத்தடுத்த வயற்காரர் கணக்கை ஒருவருக்கொருவர் சொல்ல எந்த நாளில் கூடலாம்?