ஆம்ப் இருக்கிறது, டிஏசி எதை வாங்குவது?

ஹெட்போன் ஆம்ப் வாங்கியவருக்கு அடுத்த கேள்வி உடனே வந்துவிடும்: இதற்கு எந்த டிஏசியைச் சேர்ப்பது? போனிலும் லேப்டாப்பிலும் பாட்டு வெறும் எண்களாகத்தான் இருக்கிறது. அந்த எண்களை மின்னலையாக மாற்றி ஆம்புக்குக் கொடுப்பது டிஜிட்டல் அனலாக் கன்வெர்ட்டர், சுருக்கமாக டிஏசி. அந்த அலைக்கு வலுவேற்றி ஹெட்போனை ஓட்டுவது ஆம்ப்.

எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் முதல் வரியிலேயே சிப்பின் பெயர் இருக்கும். மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பவர் அதைக் கடைசியாகப் பார்த்தால் போதும். ஆம்புக்கும் டிஏசிக்கும் வோல்ட்டேஜ் பொருந்துகிறதா, வீட்டு எர்த் ஒழுங்காக இருக்கிறதா, கரண்ட் போனால் எதில் ஓட்டப்போகிறோம் என்பவைதான் இங்கே சத்தத்தைத் தீர்மானிக்கின்றன. இவற்றைச் சரியாகப் பார்த்துவிட்டால் சில ஆயிரம் ரூபாய் டிஏசியே நிறைவாக இருக்கும். மிச்சப் பணத்தை ஹெட்போனில் போடுங்கள். காதுக்குப் பளிச்சென்று தெரியும் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

முதலில், வேண்டுமா என்று பாருங்கள்

உங்கள் ஆம்பின் பின்பக்கம் யுஎஸ்பி துளை இருந்தால் உள்ளேயே ஒரு டிஏசி இருக்கலாம். சில ஆம்ப்களில் அந்தத் துளை மின்சாரத்துக்கு மட்டும்தான், அதனால் மேனுவலைப் பார்த்துவிடுங்கள். டிஏசி இல்லையென்றால், ஒரு முனையில் 3.5 மி.மீ. பின்னும் மறுமுனையில் இரண்டு ஆர்சிஏ பின்னும் உள்ள ஒயர் ஒன்று வாங்குங்கள். மீனாட்சி பஜார் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து ஆம்புக்கு இணைத்து, நன்றாகப் பழகிய பாட்டு ஒன்றை வழக்கமான சத்தத்தில் கேளுங்கள். பிறகு வால்யூமைத் தொடாமல் பாட்டை மட்டும் நிறுத்துங்கள்.

பாட்டோடு இரைச்சலும் நின்றுவிட்டால், அது பதிவிலேயே இருக்கும் இரைச்சல். உதாரணத்துக்கு, கர்நாடக இசைப் பாடகர் மதுரை மணி ஐயர் 1968-இல் காலமானார். அவருடைய கச்சேரிகளில் இன்று நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் டேப்பில் பிடித்து வைத்தவை. டேப்பின் 'ஸ்ஸ்' ஒலியை எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டிஏசியும் எடுத்துவிடாது.

பாட்டு நின்ற பிறகும் இரைச்சல் தொடர்ந்தால், ஹெட்போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, ஆம்பை அணைத்து, ஆர்சிஏ ஒயரை உருவிவிட்டு மறுபடி போட்டுக் கேளுங்கள். அதே 'ஸ்ஸ்' இருந்தால் அது ஆம்பிலிருந்து வருவது, டிஏசி மாற்றிப் பயனில்லை. உருவியதும் நின்றுவிட்டால் லேப்டாப்பைச் சந்தேகப்படலாம். அதிலும் மவுஸை நகர்த்தும்போது கிரீச் கிரீச்சென்று வந்துகொண்டிருந்தது என்றால் லேப்டாப்பின் சவுண்ட் கார்டாகவே இருக்கலாம். இந்த நிலையில் இருப்பவரும், ஹெட்போன் துளையே இல்லாத போன் வைத்திருப்பவரும், டிவியிலிருந்து ஆம்புக்குக் கொடுக்க விரும்புபவரும் டிஏசி வாங்க வேண்டும். எந்த இரைச்சலும் இல்லாமல் திருப்தியாகக் கேட்பவர் இப்போதைக்கு வாங்க வேண்டியதில்லை.

வோல்ட்டேஜ் கணக்கு

மேசையில் வைக்கும் டிஏசிகளில் பெரும்பாலானவை ஆர்சிஏ வழியாக 2 வோல்ட் தரும். சிடி பிளேயர் காலத்திலிருந்து வரும் வழக்கம் இது. பேலன்ஸ்டு எக்ஸ்எல்ஆர் துளை இருந்தால் அதில் பொதுவாக 4 வோல்ட் வரும். போனில் செருகும் விரல் நீள டாங்கிள்கள் பலவும் 1 வோல்ட்டை ஒட்டி நின்றுவிடும்.

இதை உங்கள் ஹெட்போனோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி, ஹெட்போனின் ஓமால் வகுத்தால் வாட் வரும். சென்ஹைசர் எச்டி 600, எச்டி 650 இரண்டும் 300 ஓம். ஆம்பின் கெயினை ஒன்றில் வைத்து, அதாவது பெருக்காமல், 2 வோல்ட்டை அப்படியே விட்டால் சுமார் 13 மில்லிவாட் போகும். 1 மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் தரும் ஹெட்போனாக இருந்தால் 13 மில்லிவாட்டுக்கு 111 டெசிபல் வரும். பாட்டின் உச்சத்துக்கு அது தாராளம். அதே 2 வோல்ட் 32 ஓம் ஹெட்போனுக்குப் போனால் 125 மில்லிவாட், 121 டெசிபல். அது காதைக் கெடுக்கும் அளவு. ஆகவே 32 ஓம் ஹெட்போன் வைத்திருப்பவர் 4 வோல்ட் டிஏசியைத் தேடி அலைய வேண்டியதே இல்லை.

வோல்ட்டேஜ் கூடிவிட்டால் இன்னொரு தொல்லையும் உண்டு. வால்யூம் குமிழைக் கொஞ்சம் திருப்பியதுமே சத்தம் போதுமென்று ஆகிவிடும். விலை குறைந்த ஆம்ப்களின் வால்யூம் கன்ட்ரோல் அந்த ஆரம்பப் பகுதியில் இடது வலது இரண்டையும் சமமாகத் தராது. பாடகர் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பதுபோல் கேட்கும். குமிழ் பாதிச் சுற்றை நெருங்கும்போது உங்களுக்குப் போதிய சத்தம் வருகிறது என்றால் பொருத்தம் சரி. அதற்கு முதலில் ஆம்பின் கெயினைக் குறையுங்கள். அப்படியும் முடியாவிட்டால் வால்யூம் வசதி உள்ள டிஏசியாகப் பாருங்கள்.

கச்சேரி கேட்பவர்கள் கணக்கை எதிர்ப்பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். இன்றைய சினிமாப் பாட்டில் சத்தத்தை முடிந்தவரை மேலே தூக்கித்தான் மாஸ்டர் செய்கிறார்கள். கச்சேரிப் பதிவு அப்படியல்ல. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் ஓர் அடி உச்சத்தைத் தொடும். ஆலாபனையின் குரல் அதைவிட 20 டெசிபல் தாழ்வாகவே போய்க்கொண்டிருக்கும். குரலை நன்றாகக் கேட்க வால்யூமைக் கூட்டுவோம், கூட்டும்போது மிருதங்கத்துக்கும் இடம் இருக்க வேண்டும். 300 ஓம் ஹெட்போனும் 1 வோல்ட் டாங்கிளும் வைத்திருப்பவருக்கு லோ கெயினில் அந்த இடம் போதாமல் போகலாம். மதுரை சோமுவையும் எம்.எஸ். சுப்புலட்சுமியையும் மணிக்கணக்கில் கேட்பவர் 2 வோல்ட் தரும் டிஏசியாகவே வாங்கிவிடுவது நல்லது.

எந்தத் துளை வேண்டும்

லேப்டாப், போன் என்றால் யுஎஸ்பி. விண்டோஸ் 10-இல் 2017-இல் வந்த அப்டேட்டிலிருந்து, இன்றைய டிஏசிகள் பெரும்பாலானவை தனி டிரைவர் போடாமலே வேலை செய்கின்றன. டிவி என்றால் ஆப்டிகல் துளை உள்ளதை வாங்குங்கள். இணைத்த பிறகு டிவியின் சவுண்ட் செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட்டை பிசிஎம் என்று மாற்றினால்தான் சத்தம் வரும். எக்ஸ்எல்ஆர் உங்கள் ஆம்பில் இல்லையென்றால் அதற்காக டிஏசியில் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

யுஎஸ்பி மட்டும் போதும் என்று நினைப்பவரையும் ஆப்டிகல் சேர்ந்தே இருக்கும் மாடலை வாங்கச் சொல்வேன். காரணம் எர்த்.

எர்த், இன்வெர்ட்டர், கரண்ட்

புது டிஏசியை இணைத்ததும் 'உம்ம்' என்று அடியில் ஒரு ஹம் கேட்கிறது என்ற புகார் நம் ஊரில் மிகச் சாதாரணம். பலர் டிஏசி கெட்டது என்று முடிவுகட்டித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதற்கு முன் லேப்டாப்பின் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிப் பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது ஹம் நின்றுவிட்டால் டிஏசி மேல் தவறில்லை.

சார்ஜர் போட்டிருக்கும்போது லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் சுருக்கென்று ஒரு கூச்சம் தெரிந்திருக்கும். எர்த் இல்லாத பிளக்கில் சார்ஜரின் ஃபில்டர் வழியாகக் கசியும் சிறு மின்சாரம் அது. போக வேறு வழி இல்லாததால் யுஎஸ்பி ஒயரின் உள்ளே இருக்கும் உலோக உறை வழியாக டிஏசிக்கும், அங்கிருந்து ஆர்சிஏ ஒயர் வழியாக ஆம்புக்கும் போய், 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ஹம் ஆகக் கேட்கிறது. லேப்டாப்பை ஒரு சுவரிலும் ஆம்பை இன்னொரு சுவரிலும் செருகி, இரண்டு எர்த்துக்கும் இடையே சிறு வோல்ட்டேஜ் வித்தியாசம் இருந்தாலும் இதே கதைதான்.

முதல் வைத்தியம், எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுவது. பல வீடுகளில் இதிலேயே சரியாகிவிடும். தீரவில்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பிளக்கில் எர்த் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே குண்டு பல்பைப் பிடித்துப் பார்ப்பார். முழு வெளிச்சத்தில் எரிந்தால் சரி. கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கும் வீட்டில் அது டிரிப் ஆகும், அதுவும் எர்த் இருப்பதற்கு அடையாளம்தான். பழைய வீடுகளில் "அண்ணே, எர்த் ஒயர் போர்டு வரைக்கும் வரவே இல்லண்ணே" என்ற பதில் வருவதும் உண்டு. எர்த் குழி இருக்கும் வீட்டிலும் பங்குனி சித்திரை வெயிலில் மண் காய்ந்து எர்த் பலவீனமாகிவிடும். உப்பும் கரியும் போட்ட குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவது இதற்காகத்தான். மாசியில் இல்லாத ஹம் சித்திரையில் வந்தால் முதலில் அந்தக் குழியைப் பாருங்கள்.

ஹம் போக வேண்டுமென்று மூணு பின் பிளக்கின் எர்த் பின்னை ஒடிக்கச் சொல்லும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்தப் பின் உயிரைக் காப்பதற்கு இருக்கிறது.

வாடகை வீடு, எர்த்தைத் தொட முடியாது என்ற நிலையில் ஆப்டிகல் கை கொடுக்கும். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் இழையில் வெளிச்சம் மட்டும் போவதால் கசிவு மின்சாரம் தாண்டாது. ஆப்டிகல் அவுட்புட் இல்லாத லேப்டாப்புக்கு, அதே கசிவை மறிக்கும் யுஎஸ்பி ஐசோலேட்டர் இருக்கிறது. வாங்கும்போது வேகத்தைப் பாருங்கள். விலை குறைந்தவற்றில் இருக்கும் ஏடியூஎம் 3160 போன்ற சிப் 12 மெகாபிட் வேகத்தோடு நின்றுவிடும். சில டிஏசிகள் அந்த வேகத்தில் இயங்கவே மறுக்கும்.

இன்வெர்ட்டரையும் பார்த்துவிடுங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆம்ப் உர்ரென்று உறுமும், டிஏசியை மாற்றி அதைத் தீர்க்க முடியாது. சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாட்களுக்காகவாவது யுஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் டிஏசி நல்லது. கோடை மழைக்கும் ஐப்பசி இடிக்கும் எல்லா பிளக்கையும் கழற்றிவிடுங்கள், லேப்டாப்புக்கு வரும் லேன் ஒயரையும் சேர்த்து.

எண்களும் சிப்பும்

இப்போது விவரப் பட்டியலைப் பார்க்கலாம். 16 பிட் சிடியின் ஒலி எல்லை 96 டெசிபல். இன்றைய சாதாரண டிஏசிகள் 110 டெசிபலைத் தாண்டுகின்றன, 120-ஐத் தாண்டுபவையும் உண்டு. மே மாதத்தில் ஃபேன் போடாமல் யாரும் மதுரையில் பாட்டுக் கேட்பதில்லை. ஃபேன் ஓடும் அறையின் இரைச்சலே 40, 50 டெசிபல் இருக்கும். பின்பக்கம் திறந்த ஹெட்போனில் அது அப்படியே காதுக்குள் வரும். இந்த அறையில் 110-க்கும் 120-க்கும் உள்ள வித்தியாசத்துக்குப் பணம் கொடுப்பதில் பொருளில்லை.

சிப்பும் அப்படியே. 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபியோகாவில் ஏகேஎம் நிறுவனத்தின் சிப் தொழிற்சாலை தீப்பற்றிய பிறகு, ஃபியோ நிறுவனம் தன் கே5 ப்ரோ டிஏசி-ஆம்பை ஏகேஎம் சிப்பிலிருந்து ஈஎஸ்எஸ் சிப்புக்கு மாற்றி விற்றது. சிப்பின் பெயரை மட்டும் வைத்து ஒலியைச் சொல்லிவிட முடியாது. ஒரே சிப்பை வைத்து நல்ல பெட்டியும் செய்யலாம், இரைச்சல் பெட்டியும் செய்யலாம்.

வாங்கும்போது

ஊரில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்து வாங்குவது கடினம். சென்னை போகிறவர்கள் அங்கே கேட்டுப் பார்க்கலாம். மற்றவர்கள் இந்தியாவில் பில்லும் வாரன்டியும் தந்து, திருப்பி எடுத்துக்கொள்ளும் விற்பனையாளரிடம் ஆன்லைனில் வாங்குவதே வசதி. வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைத்தால் சுங்க வரி ஒருபக்கம், கெட்டுப்போனால் திருப்பி அனுப்பும் செலவு ஒருபக்கம். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவருவதாக இருந்தால் அடாப்டர் 230 வோல்ட்டை ஏற்கும் என்று அதில் எழுதியிருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். ஜேடிஎஸ் லேப்ஸ் ஆட்டம் போன்ற ஆம்ப்களின் அடாப்டர் டிசி தராது, ஏசியே தரும். பின் பொருந்துகிறது என்று உள்ளூரில் ஒரு டிசி அடாப்டரை வாங்கிச் செருகிவிடக் கூடாது.

இணைத்து, ஒப்பிட்டு, முடிவு செய்யுங்கள்

டிஏசியை ஆம்பின் மேல் அடுக்காதீர்கள், நம் வெயிலுக்கு இரண்டும் சுடும். பக்கத்தில் இடம்விட்டு வையுங்கள். லேப்டாப்பின் வால்யூமை 100-இல் வைத்து, சத்தத்தை ஆம்பில் மட்டும் கூட்டிக் குறையுங்கள். சவுண்ட் செட்டிங்கில் 24 பிட். சிடியிலிருந்து எடுத்த பாட்டு என்றால் 44.1 கிலோஹெர்ட்ஸ், அதிகமும் வீடியோ என்றால் 48.

புது டிஏசி பழையதைவிட உண்மையிலேயே நன்றாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டின் சத்தத்தையும் சமமாக்க வேண்டும். சத்தம் இம்மி கூடினாலும் காது அதைத் தெளிவு என்றே எடுத்துக்கொள்ளும். 2 வோல்ட் ஏசி அளவு உள்ள மல்டிமீட்டர் வேண்டும். 200 வோல்ட்டில் ஆரம்பிக்கும் மலிவு மீட்டர் இதற்கு ஆகாது. ஹெட்போனைக் காதில் மாட்டாமல், 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஆம்பின் ஹெட்போன் துளையில் பின் உள்ள ஒயர் ஒன்றைச் செருகி, அதன் மறுமுனையில் அளந்து பாருங்கள். பழைய டிஏசியில் 0.500 வோல்ட் வந்தால், புதியதிலும் 0.494-க்கும் 0.506-க்கும் நடுவே வரும்படி வால்யூமைத் திருப்புங்கள். 0.1 டெசிபலுக்குள் சமம் என்று அர்த்தம். பிறகு வீட்டில் ஒருவரை உங்களுக்குத் தெரியாமல் ஒயரை மாற்றிமாற்றிக் கொடுக்கச் சொல்லி, எது எது என்று பத்துப் பன்னிரண்டு முறை சொல்லிப் பாருங்கள். பாதிக்குப் பாதிதான் சரியாக வந்தது என்றால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் பெட்டியை மூடி அனுப்பிவிடுங்கள்.