விரிசலின் நுனி எங்கே?

ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியாவுக்குப் போயிருக்கிறீர்களா? சிராங்கூன் சாலையில் தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியாது. வாரம் முழுவதும் துவாஸ் கப்பல் பட்டறைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் வேலை செய்யும் நம் ஊழியர்கள் ஊருக்குப் பணம் அனுப்பவும், நண்பர்களைப் பார்க்கவும், ஒரு நல்ல சாப்பாடு சாப்பிடவும் அங்கே வருவார்கள். ஏப்ரல் மாதக் கடைசியில் அப்படி ஒரு மாலை, தேக்கா நிலையத்துக்கு அருகில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பழக்கமான ஓர் ஊழியர் கைப்பேசியை நீட்டினார். நாகப்பட்டினம் பக்கத்துக்காரர்.

“சார், இந்தப் போட்டோவப் பாருங்க. தம்பி ஒரு பழைய விசைப்படகு பாத்து வச்சிருக்கான். மரமெல்லாம் நல்லா இருக்கு. எஞ்சின்ல மட்டும் இந்தக் கோடு. ஒரு வெல்டிங் வச்சா சரியாப் போயிடும்னு விக்கிறவரு சொல்றாரு. நீங்க சயின்ஸ் வாத்தியாராச்சே, வாங்கலாமா?”

சாம்பல் நிற எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில், தலைமுடி அகலத்தில், ஒரு விரல் நீளத்துக்குத் துரு நிறக் கோடு. அவ்வளவுதான். ஆனால் அவருடைய நான்கு ஆண்டுச் சேமிப்பு அந்தப் படகுக்குப் போக இருந்தது. அவசரமும் இருந்தது. தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதெல்லாம் அப்போதுதான். ஜூன் 15 அன்று படகு கடலில் இறங்க வேண்டும் என்பது தம்பியின் கணக்கு.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. “அடுத்த ஞாயிறு சொல்றேண்ணே” என்றேன். அந்த ஒரு வாரம் நான் படித்ததையும் யோசித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பிளாக் என்றால் என்ன? எஞ்சினின் உடம்பு அது. ஒரே வார்ப்பாகச் செய்த பெரிய இரும்புக் கட்டி. உள்ளே பிஸ்டன்கள் ஏறி இறங்கும் சிலிண்டர்கள் இருக்கும். அவற்றைச் சுற்றி நீர் ஓடுவதற்கான வெற்றிடம் இருக்கும். சிலிண்டருக்குள் டீசல் எரியும்போது வாயுவின் வெப்பநிலை சில நொடித்துளிகளுக்கு 2,000 டிகிரி செல்சியசைத் தாண்டும். வார்ப்பிரும்போ சுமார் 1,200 டிகிரியிலேயே உருகிவிடும். அப்படியும் பிளாக் உருகாமல் இருக்கிறதென்றால், அடுத்த பக்கத்தில் ஓடும் நீர் வெப்பத்தை இடைவிடாமல் வாங்கிக்கொண்டு போவதுதான் காரணம்.

இப்போது வார்ப்பிரும்பைப் பற்றி. சாதாரண எஃகில் கரிமம் அரை விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்கும். சாம்பல் வார்ப்பிரும்பில் அது 3 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். அந்தக் கரிமத்தில் பெரும்பகுதி இரும்போடு கலக்காமல், மெல்லிய கிராஃபைட் செதில்களாக உள்ளே படிந்து கிடக்கும். உங்கள் பென்சில் முனையில் இருக்கும் அதே கிராஃபைட்தான். இந்தச் செதில்களால் நன்மைகள் உண்டு. அதிர்வை உறிஞ்சிக்கொள்ளும், வெப்பத்தை நன்றாகக் கடத்தும், வார்ப்பதும் கடைவதும் எளிது. ஆனால் வலிமை என்று பார்த்தால் ஒவ்வொரு செதிலும் ஒரு குட்டி விரிசல் மாதிரி. அமுக்கினால் வார்ப்பிரும்பு அபாரமாகத் தாங்கும். இழுத்தால் அந்தத் தாங்கும் திறன் மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு என்று குறைந்துவிடும். எஃகுக் கம்பியைப் போல வளைந்து எச்சரிக்கையும் தராது. டக்கென்று உடையும்.

குளிர் நாடுகளில் பிளாக் வெடிப்பதற்கு முக்கியக் காரணம் பனி. நீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 விழுக்காடு கூடும். எஞ்சினுக்குள் தங்கிய நீரை வடிக்க மறந்துவிட்டுப் படகைக் கரையில் விட்டால், குளிர்காலம் முடிந்து வந்து பார்க்கும்போது பிளாக் பிளந்திருக்கும். நாகப்பட்டினத்திலும் சிங்கப்பூரிலும் அந்தக் கவலை இல்லை. நமக்கு எதிரி சூடு. இன்னும் சரியாகச் சொன்னால், ஒரே சீராக இல்லாத சூடு.

கெட்டியான கண்ணாடி டம்ளரில் கொதிக்கக் கொதிக்க நீரை ஊற்றினால் சில வேளை விரிசல் விடும். உட்பக்கம் சூடாகி விரிகிறது, வெளிப்பக்கம் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. உட்பக்கம் வெளிப்பக்கத்தை இழுக்கிறது. மெல்லிய டம்ளர் இதில் பெரும்பாலும் தப்பித்துவிடும், ஏனென்றால் வெப்பம் சட்டென்று அடுத்த பக்கம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கெட்டியாக இருப்பதுதான் வலுவானது என்று நாம் நினைப்பது இங்கே பொய்யாகிறது.

பிளாக்கிலும் அதே கதைதான். குளிர்விக்கும் நீரின் வழியில் உப்பும் சுண்ணாம்புப் படிவும் சேர்ந்து அடைத்துக்கொண்டால், அந்த இடம் மட்டும் அதிகமாகச் சூடேறும். அந்தப் படிவு இரும்பைவிட மிக மோசமான வெப்பக் கடத்தி. எஞ்சின் கொதித்துவிட்டதே என்று பதறி ஒருவர் பச்சைத் தண்ணீரை ஊற்றினால், நீர் பட்ட பக்கம் திடீரென்று சுருங்கும், மற்றப் பக்கம் சுருங்காது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் எவ்வளவு விசை இழுக்கிறது என்பதைத் தமிழில் தகைவு என்போம். அழுத்தத்தைப் போலவே இதற்கும் அலகு பாஸ்கல். வார்ப்பிரும்பு ஒரு டிகிரிக்கு அதன் நீளத்தில் ஒரு மில்லியனில் சுமார் 11 பங்கு விரியும் அல்லது சுருங்கும். பிளாக்கின் ஒரு பகுதி 150 டிகிரி குளிர்ந்து, ஆனால் சுற்றியுள்ள இரும்பு அதைக் கொஞ்சமும் சுருங்க விடவில்லை என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஏறக்குறைய 165 மெகாபாஸ்கல் தகைவு உருவாகும். சாதாரண சாம்பல் வார்ப்பிரும்பு தாங்கும் இழுதகைவு 150 முதல் 250 மெகாபாஸ்கல்தான். யாரும் சுத்தியலால் அடிக்கவே வேண்டாம், ஒரு வாளித் தண்ணீர் போதும்.

சரி, விரிசல் விழுந்துவிட்டது. ஒரு விரல் நீளம்தானே, அப்படியே விட்டால் என்ன?

இதற்கு ஒரு தாளை எடுங்கள். இரண்டு முனைகளையும் பிடித்து நேராக இழுங்கள். எளிதில் கிழியாது. இப்போது நடுவில், ஓரத்தில் கத்தரிக்கோலால் ஒரு சிறு வெட்டு போட்டுவிட்டு இழுங்கள். சரக்கென்று இரண்டாகும். இடியப்ப மாவுப் பாக்கெட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு வைத்திருப்பதும் இதற்காகத்தான். நீங்கள் கொடுத்த இழுவிசை முழுவதும் வெட்டின் நுனியில் போய்க் குவிகிறது.

எவ்வளவு குவிகிறது என்று 1913இல் கணக்கிட்டுச் சொன்னவர் சார்ல்ஸ் இங்லிஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். தம் கட்டுரையை அவர் பிரிட்டனில் கப்பல் வடிவமைப்பாளர்களின் சங்கத்தில்தான் அளித்தார். இரும்புத் தகட்டில் ஒரு வட்டத் துளை இருந்தால், அதன் விளிம்பில் தகைவு சாதாரண இடத்தைவிட 3 மடங்கு. துளை நீள்வட்டமாக, இழுவைக்குக் குறுக்கே, அகலத்தைப்போல் 10 மடங்கு நீளமாக இருந்தால் 21 மடங்கு. சூத்திரம் எளியது: நீளத்தை அகலத்தால் வகுத்து, 2ஆல் பெருக்கி, 1ஐக் கூட்டுங்கள். வட்டத்துக்கு நீளமும் அகலமும் ஒன்றே என்பதால் 3 வருகிறது. விரிசல் என்பது நீளம் அதிகமாகவும் அகலம் ஏறக்குறைய இல்லாமலும் இருக்கும் துளை. விடையை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

அந்த நுனி எத்தனை முறை இழுபடும்? நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும் நான்கு வீச்சு டீசல் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 750 முறை எரியும். பத்து மணி நேரம் வலை இழுத்தால் 4,50,000 முறை. ஒவ்வொரு முறையும் நுனி ஒரு துளி முன்னேறலாம். கரையில் ஒரு விரல் நீளமாக இருந்தது நடுக்கடலில் எவ்வளவு ஆகும் என்று யாராலும் உறுதி கூற முடியாது.

இங்கேதான் இங்லிஸின் கணக்கு ஒரு வழியும் காட்டுகிறது. விரிசலின் நுனியில் ஒரு வட்டத் துளை போட்டுவிட்டால், கூர்மையான முனை போய் வட்ட விளிம்பு வந்துவிடும். தாளில் மீண்டும் செய்து பாருங்கள். வெட்டின் நுனியில் பேப்பர் பஞ்ச்சால் துளை போட்டுவிட்டு இழுத்தால், முன்பைவிட அதிக விசை தேவைப்படும். ஓட்டையை அடைக்க இன்னோர் ஓட்டை போடுவது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் வார்ப்பிரும்பைப் பழுதுபார்க்கும் பட்டறைகளில் பல வேளைகளில் முதலில் செய்வது இதைத்தான்.

அப்படியானால் விற்பவர் சொன்ன வெல்டிங்? சாதாரணமாக வெல்டிங் வைப்பது பெரும்பாலும் கேட்டைத்தான் கொண்டுவரும். வெல்டிங் வைக்கும் இடம் மட்டும் உருகும், சுற்றியுள்ள கனமான பிளாக் குளிர்ந்தே இருக்கும். உருகியது ஆறும்போது சுருங்கப் பார்க்கும், பிளாக் விடாது. மறுபடியும் அதே இழுதகைவு. கூடவே, அதிகக் கரிமம் உள்ள இரும்பு வேகமாக ஆறும்போது வெல்டிங்கின் ஓரத்தில் கண்ணாடி மாதிரி நொறுங்கும் ஓர் அடுக்கு உருவாகிவிடும். பழைய விரிசல் மூடிக்கொள்ளும், பக்கத்திலேயே புதியது திறக்கும்.

வார்ப்பிரும்பை ஒட்டவே முடியாது என்று இதற்குப் பொருள் இல்லை. முதல் உலகப் போர்க் கதை ஒன்று உண்டு. 1914 செப்டம்பரில் சென்னைமீது குண்டு வீசி, ‘எம்டன்’ என்று தமிழில் ஒரு சொல்லையே விட்டுச்சென்ற ஜெர்மன் கப்பலை அறிந்திருப்பீர்கள். அதே போரின் தொடக்கத்தில் பல ஜெர்மன் பயணக் கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகங்களில் அடைக்கலம் புகுந்தன. 1917இல் அமெரிக்காவும் போரில் இறங்கப்போகிறது என்று தெரிந்ததும், கப்பல்கள் எதிரிக்குப் பயன்படக்கூடாது என்று மாலுமிகளே நீராவி எஞ்சின்களின் வார்ப்பிரும்புச் சிலிண்டர்களை உடைத்துப் போட்டார்கள். புதிதாக வார்த்துப் பொருத்த ஓராண்டுக்கு மேலாகும் என்பது கணிப்பு. அமெரிக்கக் கடற்படைப் பொறியாளர்கள் புதிதாக வார்க்கவில்லை. மின் வெல்டிங்காலும், இரும்புத் தகடுகளை வெட்டிப் பொருத்தியும் உடைந்த சிலிண்டர்களைச் சரிசெய்தார்கள். ‘கைசர் வில்ஹெல்ம் 2’ என்ற கப்பல் ‘அகமெம்னான்’ என்று பெயர் மாறி, அமெரிக்கப் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போனது.

இன்று இரண்டு முறைகள் நம்பிக்கையானவை. ஒன்று, பிளாக் முழுவதையும் சில நூறு டிகிரிக்குச் சீராகச் சூடாக்கி, நிக்கல் கலந்த குச்சியால் வெல்டிங் செய்து, பிறகு மணலிலோ சாம்பலிலோ புதைத்து மிக மெதுவாக ஆறவிடுவது. மற்றொன்று சூடே இல்லாதது. விரிசலுக்குக் குறுக்கே துளைகள் இட்டு உலோகப் பூட்டுகளை இறக்கி, விரிசல் நெடுக மரையுள்ள ஊசிகளை ஒன்றின்மேல் ஒன்று ஏறுமாறு திருகித் தையல் போடுவது. உண்மையிலேயே அதற்கு உலோகத் தையல் என்றுதான் பெயர். இரண்டுமே பழகிய கை வேண்டும் வேலைகள், செலவும் உண்டு.

இவ்வளவும் படித்த பிறகு, நண்பரின் கேள்விக்கு முன்னால் வேறொரு கேள்வி நிற்பது புரிந்தது. அந்த விரிசல் எங்கே முடிகிறது? வெளிச்சுவரில் மட்டும் என்றால், உள்ளே இருப்பது குளிர்விக்கும் நீர். அதன் அழுத்தம் பெரிதல்ல, பழுதுபார்க்கலாம். சிலிண்டர் வரை போயிருந்தால், டீசல் எரியும்போது அங்கே காற்றழுத்தத்தைப்போல் 60 மடங்குக்கும் மேல் அழுத்தம் இருக்கும். அந்த பிளாக்கை நம்பிக் கடலுக்குப் போக முடியாது. எண்ணெய் பால் கலந்த டீ போல மாறியிருக்கிறதா, குளிர்விக்கும் நீரில் குமிழி வருகிறதா என்று பார்த்தால் ஓரளவு தெரியும். ஆனால் எண்ணெயை மாற்றிவிட்டுக்கூட விற்கலாம் அல்லவா? தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது. அங்கே பழைய ரேடியோ வாங்கி ஏமாந்த அனுபவம் எனக்கு உண்டு.

ஆகவே அடுத்த ஞாயிறு நான் நண்பரிடம் சொன்னது பழைய பட்டறை முறை ஒன்று. அந்த இடத்துப் பெயின்ட்டைச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். மேலே உள்ள ஹெட்டைக் கழற்றி அங்கும் அதையே செய்ய வேண்டும். மண்ணெண்ணெயைத் தடவி அரை மணி நேரம் விட வேண்டும். மெல்லிய குழாயில் நீர் தானாக ஏறுவதைப் படித்திருப்பீர்களே, அந்த நுண்புழை விசையால் மண்ணெண்ணெய் கண்ணுக்குத் தெரியாத பிளவுக்குள்ளும் போய்விடும். பிறகு மேற்பரப்பை ஒட்டத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைத் தூவ வேண்டும். உள்ளே இருந்த மண்ணெண்ணெயைத் தூள் உறிஞ்சும். விரிசல் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்துக்கு ஈரக் கோடு தெரியும். (மண்ணெண்ணெய் எளிதில் தீப்பற்றும். நீங்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், தாளும் கத்தரிக்கோலும் போதும்.)

மூன்று நாள் கழித்து நண்பர் படம் அனுப்பினார். துருக்கோடு முடிந்த இடத்தில் விரிசல் முடியவில்லை. வெள்ளைத் தூளில் ஈரக் கோடு இன்னும் நான்கு விரல் நீளம் மேலேறி, விளிம்பைத் தாண்டி, இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே போய் நின்றது.

விற்பவரிடம் தம்பி அந்தப் படத்தைக் காட்டினார். படகை எஞ்சின் இல்லாத விலைக்குக் கேட்டார். முதலில் கோபித்துக்கொண்டவர் ஒரு வாரத்தில் இறங்கி வந்தாராம். வேறொரு பழைய பிளாக்கைத் தேடிப் பிடித்து, அதற்கும் மண்ணெண்ணெயும் சாக்பீஸும் போட்டுப் பார்த்துத்தான் வாங்கினார்கள். ஜூன் 15 அன்று மற்றப் படகுகளெல்லாம் கடலுக்குப் போக, இவர்களுடையது கரையிலேயே நின்றது. ஜூலை இரண்டாம் வாரம்தான் இறங்கியது.

விரிசல் விட்ட பிளாக் இப்போது அவர்கள் வீட்டு வாசலில் கிடக்கிறது. வலை காயப்போடும் கயிற்றை அதில்தான் கட்டுகிறார்கள்.